பெற்றோர் ஆசிரியராகும்போது: பிள்ளைகளை ஆற்றுப்படுத்தலின் இடர்களும் பேறுகளும்

ஈழத்துக் கல்வியுலகில் இன்று பெருவழக்காய் உள்ள சொற்களுள் ‘ஆற்றுப்படுத்தல்’ என்பதும் ஒன்றாகும். ஆசிரியர் பயிற்சியிலும் கல்வியியல் நூல்களிலும் ‘வழிகாட்டலும் ஆற்றுப்படுத்தலும்’ என்னும் தொடரை அடிக்கடி காண்கிறோம். இச்சொல்லின் வேர் பழந்தமிழ் இலக்கியத்தில் உள்ளது. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. அவற்றுட் பெரும்பாலானவற்றில், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையுற்று எதிர்ப்படும் இன்னொருவனுக்கு வள்ளலின் இருப்பிடத்தையும் அங்கு செல்லும் வழியையும் எடுத்துரைப்பான். மலைபடுகடாம் போன்ற பாட்டில் வழியிலுள்ள இடர்களும் அவற்றைக் கடக்கும் முறைகளும் விரிவாகக் கூறப்படும். உரைத்து முடிந்ததும் உரைத்தவன் தன் வழியே செல்வான். நடக்கவேண்டியவன் கேட்டவனே.

பிள்ளையை ஆற்றுப்படுத்தும் பெற்றோரின் நிலை இதனின்றும் இரு வகையில் வேறுபடுகின்றது. முதலாவதாக, வழியைச் சொல்லிவிட்டு அவர்கள் பிரிந்து செல்ல முடியாது. இரண்டாவதாக, தாம் காட்டும் வழியில் அவர்கள் முன்னர் நடந்தவர்களுமல்லர். பிள்ளை வாழப்போகுங் காலம் பெற்றோர் அறியாத காலம். இவ்விரு வேறுபாடுகளும் பெற்றோர் பணியை அரியதாக்குகின்றன. பெற்றோரே ஆசிரியராகவும் நிற்க நேரும்போது அவ்வருமை இரட்டிக்கின்றது. அந்நிலையில் எழும் இடர்கள் யாவை, அவற்றின் அடிப்படை யாது, அப்பணியால் விளையும் பேறுகள் யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரு பொறுப்புகள்

பிள்ளையை வளர்த்தலும் கற்பித்தலும் வெவ்வேறானவர்க்கு உரியன என்ற எண்ணம் பாடசாலை என்னும் நிறுவனம் பரவிய பின்னரே உறுதிப்பட்டது எனலாம். புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டொன்று ஓர் இளைஞனை உருவாக்குவதில் யார் யாருக்கு என்ன கடமை உண்டு என்பதை வரிசைப்படுத்துகின்றது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், ஈற்றில் அவ்விளைஞன் ஆகியோர் அவ்வரிசையில் இடம்பெறுவர். மகனைச் சான்றோனாக்கும் கடமை தந்தைக்கு உரியதாகக் கூறப்படுகின்றது. அப்பாட்டு வீரயுகச் சூழலில் எழுந்தது. ‘சான்றோன்’ என்ற சொல்லுக்கு அங்கு வீரன் என்று பொருள்கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், ஆசிரியர் என்று தனியே ஒருவர் அவ்வரிசையில் இல்லை என்பது கருதத்தக்கது.

இன்று நிலைமை வேறு. இலங்கையில் 1945ஆம் ஆண்டு, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னர், பாடசாலை எல்லா வகுப்பினரின் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. கற்பித்தல் ஆசிரியரின் தொழில், வளர்த்தல் பெற்றோரின் கடமை என்ற பாகுபாடு வேரூன்றியது. ஆயினும் நடைமுறையில் இப்பாகுபாடு முழுமையாக நிலைபெறவில்லை. வீட்டுவேலை செய்விப்பவர், பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்பவர், எழுத்துப் பிழை திருத்துபவர் எனப் பெற்றோர் ஆசிரியரின் பணியிற் பங்குகொண்டே வந்துள்ளனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீடே வகுப்பறையாயிற்று. கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்த பாடங்களைப் பிள்ளைக்கு விளக்கும் பொறுப்பு தாயின் மீதோ தமையன் தமக்கையர் மீதோ விழுந்தது. அதுவரை மறைவாக இருந்த ஓர் உண்மை அப்போது வெளிப்பட்டது: பிள்ளைமீது அன்பு மிகுந்திருத்தல் வேறு, பிள்ளைக்குக் கற்பிக்க அறிந்திருத்தல் வேறு.

இவ்விரு பொறுப்புகளுக்கும் இடையே இயல்பான ஒரு முரண் உண்டு. ஆசிரியர் அளந்து பார்க்கக் கடமைப்பட்டவர். இன்று இப்பிள்ளை எவ்வளவு அறிந்துள்ளது, நேற்றைக்கு இன்று எவ்வளவு முன்னேறியுள்ளது என்று கணிப்பது அவர் தொழிலின் ஒரு பகுதி. பெற்றோரோ அளவு பாராது ஏற்கக் கடமைப்பட்டவர். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்கலாம். அவர்களுள் ஒருவர் தவறிழைத்தால் ஆசிரியரின் மனம் பெரிதும் கலங்குவதில்லை. தன் பிள்ளையின் தவற்றிலே பெற்றோர் தம் தோல்வியையே காண்பர். அதனாற்றான், பிறர் பிள்ளைகளிடத்துப் பொறுமையின் வடிவாக விளங்கும் ஆசிரியர் பலர், மாலையில் தம் பிள்ளையோடு மேசையில் அமர்ந்ததும் பொறுமை இழக்கின்றனர்.

எமது கிராமப் பாடசாலைகளில் தாயே வகுப்பாசிரியராக அமையும் நிலை அரிதன்று. அங்கு பிள்ளை காலையில் ‘அம்மா’ என்று அழைத்தவரைப் பாடசாலை வாயிலைக் கடந்ததும் ‘ரீச்சர்’ என்று அழைக்கப் பழகுகின்றது. பாரபட்சம் காட்டுவதாகப் பிறர் கூறிவிடுவரோ என்றஞ்சி, அத்தாய் தன் பிள்ளையை மற்றவர்களிலும் பார்க்கக் கடுமையாக நடத்துவதும் உண்டு. பெயர் மாற்றத்தால் இரு பொறுப்புகளையும் பிரித்துக்கொள்ளும் இம்முறை பயனற்றதன்று. ஆனால் வீடு திரும்பிய பின்னும் ‘ரீச்சர்’ நீங்காதிருப்பின், அப்பிள்ளைக்குத் தாய் எங்கே என்ற வினா எழுகின்றது.

2. பெஸ்டலோசியின் நாட்குறிப்பு

இம்முரண் எமக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டுக் கல்விச் சிந்தனையின் வரலாற்றிலே இதனைத் தம் வாழ்வில் முழுமையாக அநுபவித்தவர் சுவிற்சலாந்து நாட்டுக் கல்வியாளரான பெஸ்டலோசி (1746 - 1827) ஆவார். அவரது வரலாறு ஓரளவு விரித்து நோக்கத்தக்கது.

1762இல் ரூசோ ‘எமீல்’ என்னும் நூலை வெளியிட்டார். பிள்ளையை இயற்கையின் போக்கில் வளரவிடுதல் வேண்டும், நூற்கல்வியை அவசரப்பட்டுத் திணித்தலாகாது என்பன அந்நூலின் சாரம். அந்நூலை எழுதிய ரூசோ தம் குழந்தைகள் ஐவரையும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தில் ஒப்படைத்தவர் என்பதைக் கல்வி வரலாற்று மாணவர் அறிவர். அந்நூலை வாசித்த பெஸ்டலோசியோ அதனைத் தம் வீட்டிலே செயற்படுத்த முனைந்தார். 1770இல் பிறந்த தம் ஒரே மகனுக்கு ரூசோவின் பெயரையே இட்டார். 1774ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மகனுக்கு மூன்றரை வயதாயிருந்தபோது, அவனுக்குத் தாம் கற்பித்த முறையைச் சில வார காலம் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். தந்தையொருவர் தம் குழந்தையின் கல்வியைக் கூர்ந்து நோக்கி எழுதிய பழைய பதிவுகளுள் அது சிறப்பு வாய்ந்தது.

அந்நாட்குறிப்பில் இருவேறு தந்தையரைக் காண்கிறோம். ஒருவர் மகனை ஓடைக்கரைக்கு அழைத்துச் செல்கின்றார். நீர் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி ஓடுவதைச் சிறுவன் காண்கின்றான். கரையோரமாகக் கீழ்நோக்கி நடக்கின்றான். நீரும் தன்னோடு வருவதைக் கண்டு வியக்கின்றான். தான் கண்டதைத் தானே சொல்லிப் பார்க்கின்றான். கண்டறிந்த பின்னரே தந்தை அதனை ஒரு வாக்கியமாக்கித் தருகின்றார். மற்றவர், மூன்றரை வயதுச் சிறுவனுக்கு இலத்தீன் சொற்களைக் கற்பிக்கின்றார். பாடத்தில் அமர மறுத்தபோது, பாடமா தனியே அடைபட்டிருத்தலா என்ற தெரிவை அவனுக்கு அளிக்கின்றார். எண்களின் பெயர்களை ஒப்புவிக்கும் மகன் அவற்றின் பொருளை அறிந்திலன் என்பதையும், பொருளறியுமுன் சொல்லைப் புகட்டியதன் விளைவே அது என்பதையும் அவர் தாமே உணர்ந்து எழுதுகின்றார். சுதந்திரமும் கீழ்ப்படிவும் இரண்டும் பிள்ளைக்கு வேண்டியன. ரூசோ பிரித்த அவ்விரண்டையும் மீண்டும் இணைத்தல் வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வருகின்றார்.

இம்முயற்சி மகனைப் பொறுத்தவரை வெற்றியளித்தது என்று கூறுதற்கில்லை. பதினொரு வயதாகியும் அவன் எழுத வாசிக்கத் தேர்ச்சி பெறவில்லை என்று பெஸ்டலோசியின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். நோயாளியாகி 1801இல் இளவயதிலேயே அவன் இறந்தான். அந்நோய்க்கும் வளர்ப்பு முறைக்கும் தொடர்பு கற்பித்தல் முறையாகாது. ஆனால், தந்தை தம் மகனை ஒரு கொள்கையின் பரிசோதனைப் பொருளாக நோக்கியபோதெல்லாம் இடர்ப்பட்டார் என்பதும், மகனோடு நடந்து மகன் கண்டதைத் தாமும் கண்டபோது வெற்றி பெற்றார் என்பதும் நாட்குறிப்பிலிருந்தே புலனாகின்றன.

இவ்வநுபவம் வீண்போகவில்லை. 1781இல் வெளிவந்த ‘லியனாட்டும் கேட்ரூட்டும்’ என்னும் கதைநூலில் அவர் ஓர் ஏழைத் தாயைச் சிறந்த ஆசிரியையாகப் படைத்தார். 1799இல் ஸ்ரான்ஸ் என்னும் ஊரிலே போரினால் அநாதைகளான பிள்ளைகளைப் பொறுப்பேற்று அவர்களோடு உண்டு, உறங்கி, கற்பித்தார். மகன் இறந்த அதே 1801ஆம் ஆண்டில், கேட்ரூட் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. சொல்லுக்கு முன் பொருள், கட்டளைக்கு முன் நம்பிக்கை என்ற அவர் கொள்கையைப் பின்னர் ஐரோப்பா எங்கும் ஆசிரியர்கள் பின்பற்றினர். பாலர் கல்வியின் தந்தையெனப்படும் புரோபல் அவரது இவர்டன் கல்விக்கூடத்திற் பயின்று சென்றவரே.

3. உதவியின் அளவு

பெஸ்டலோசி தேடிய இணைப்பு, அதாவது சுதந்திரமும் வழிகாட்டலும் பொருந்தும் நிலை, எவ்வாறு எய்தப்படும்? இருபதாம் நூற்றாண்டின் உளவியலாய்வுகள் இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்றைத் தந்துள்ளன.

பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும், அறிந்த ஒருவரின் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையிலுள்ள வெளியிலேதான் கற்றல் நிகழ்கின்றது என்றார் இரசிய உளவியலாளர் வைகொட்ஸ்கி (1896 - 1934). இக்கருத்தோடு பொருந்தும் ஆய்வொன்றை டேவிட் வூட், மிடில்ரன் என்போர் 1975இல் வெளியிட்டனர். தாய்மார் தம் சிறு பிள்ளைகளுக்கு மரக்கட்டைகளைப் பொருத்திக் கூம்பகம் ஒன்றை அமைக்கக் கற்பித்தனர். ஆய்வாளர் தாய்மாரின் உதவியை ஐந்து படிகளாக வகுத்து நோக்கினர்: பொதுவாக ஊக்குதல், செய்யவேண்டியதைச் சொல்லுதல், உரிய கட்டையைச் சுட்டுதல், பொருத்துவதற்கு ஏற்றவாறு எடுத்துவைத்தல், தாமே செய்துகாட்டுதல். பிள்ளை தவறியபோது உதவியை ஒரு படி கூட்டி, வென்றபோது ஒரு படி குறைத்த தாய்மாரின் பிள்ளைகளே பின்னர் தனியாக அதனைச் சிறப்பாகச் செய்தனர். சொல்லால் மட்டும் கற்பித்தலையும், செய்துகாட்டலால் மட்டும் கற்பித்தலையும், இவற்றிடையே மாறிமாறிச் செல்வதையும் 1978இல் இம்முறையோடு ஒப்பிட்டபோதும் இம்முறையே மேம்பட்டு நின்றது. வூட், புறூணர், றொஸ் ஆகியோர் 1976இல் எழுதிய கட்டுரையொன்று இத்தகைய உதவியைக் கட்டடத்தின் சாரக்கட்டோடு ஒப்பிட்டது. சுவர் எழும்வரை சாரக்கட்டு வேண்டும். எழுந்த பின்னும் அதனை அவிழ்க்காதிருப்பவன் மேசனல்லன்.

எம்மவர் வழக்கிலே விசயதசமியன்று நிகழும் ஏடு தொடக்குதலை இங்கு நினைவுகூரலாம். பெரியவர் குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பற்றிப் பச்சையரிசியில் எழுத்தை எழுதுவிப்பார். எழுதுவது யார் விரல்? குழந்தையினதே. எழுத்தின் வடிவை அறிந்த கை யாருடையது? பெரியவருடையது. வழிகாட்டலின் முதற்படி இவ்வாறே அமைதல் வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் விரலை விடாது பற்றியிருந்தால் பிள்ளை எழுதக் கற்காது. எப்போது பற்றுவது என்பதிலும் பார்க்க எப்போது விடுவது என்பதை அறிவதே கடினம்.

ஒழுக்கம் பற்றிய வழிகாட்டலுக்கும் இது பொருந்தும். அமெரிக்க உளவியலாளர் டயானா பவும்றின்ட் 1966இல் பெற்றோரின் போக்குகளை மூன்றாக வகுத்தார். கேள்வியற்ற கீழ்ப்படிவை வேண்டுவது ஒன்று; எதனையும் வேண்டாது விட்டுவிடுவது மற்றொன்று; உறுதியான எல்லைகளை வகுத்து, அவற்றின் காரணத்தைப் பிள்ளைக்கு எடுத்துரைத்து, பிள்ளையின் சொல்லுக்கும் செவிசாய்ப்பது மூன்றாவது. மூன்றாவதே சிறந்ததென அவர் கண்டார். அமெரிக்க நடுத்தர வகுப்பினரை முதன்மையாகக் கொண்டு எழுந்த இவ்வகுப்பை எல்லாச் சமூகங்களுக்கும் அப்படியே பொருத்துதல் தகாது எனப் பின்வந்தோர் எச்சரித்துள்ளனர். எனினும், காரணம் கூறப்பட்ட கட்டளையைப் பிள்ளை பெற்றோர் இல்லாத இடத்திலும் தன்னோடு எடுத்துச் செல்லமுடியும். அச்சத்தாற் காக்கப்படும் ஒழுக்கம் அஞ்சப்படுபவர் உள்ள இடத்தில் மட்டுமே நிற்கும். இலங்கைக் கல்வியமைச்சு 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையினால் பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தவிர்க்குமாறு பணித்தது. பாடசாலையிற் கைவிடப்படவேண்டிய பிரம்பு வீட்டிலே பாடம் சொல்லிக்கொடுக்கும் மேசையில் இடம்பிடித்தல் முரணாகும்.

4. பரீட்சை வீட்டினுட் புகும்போது

மேற்கூறிய முறைக்கு எமது சூழலிலே பெருந்தடையாய் நிற்பது பரீட்சைப் போட்டி. அதன் கூர்மையான வடிவம் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. வறிய மாணவருக்கு உதவித்தொகை வழங்குதல், திறமையுடையோரை வசதி மிக்க பாடசாலைகளுக்கு அனுமதித்தல் என்ற இரு நோக்கங்களும் போற்றத்தக்கவை. கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு உயர்கல்வியின் வாயில் இதனாலேயே திறந்தது என்பதை மறுத்தல் நன்றிமறத்தலாகும். ஆயின், எல்லாப் பாடசாலைகளும் சமமாக வளராதிருக்க, சில பாடசாலைகளுக்கான வாயில் ஒடுங்கியிருப்பதால், பத்து வயதுப் பிள்ளையின் ஒரு நாட் செயற்பாடு ஒரு குடும்பத்தின் மானப் பிரச்சினையாகிவிட்டது.

பரீட்சைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தனியார் வகுப்புகள் தொடங்குகின்றன. மாலை விளையாட்டு நிற்கின்றது. பெறுபேறு வெளியானதும் வெட்டுப்புள்ளிக்கு மேற்பட்டோரின் படங்கள் பத்திரிகைகளிலும் பதாகைகளிலும் வெளிவருகின்றன. சில புள்ளிகளால் தவறிய பிள்ளை அப்பதாகையின் கீழாகவே நாள்தோறும் பாடசாலைக்கு நடக்கின்றது. இச்சூழலில் வீட்டிலே தேறுதல் அளிக்கவேண்டிய பெற்றோரே இரண்டாவது பரீட்சகராக மாறின், பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லை. ‘எத்தனை புள்ளி?’ என்பது வாயிலில் கேட்கப்படும் முதல் வினாவாகும்போது, அன்பும் புள்ளியும் ஒன்றே என்று பிள்ளை முடிவுசெய்கின்றது. குறைந்த புள்ளி பெற்ற வினாத்தாளை ஒளிக்கக் கற்பதே அதன் அடுத்த பாடமாகின்றது. தவற்றை ஒளிக்கும் பிள்ளைக்கு எவரும் உதவ இயலாது. உதவியைக் கூட்டவேண்டிய இடம் எதுவென்பது மறைந்துவிடுகின்றது. பரீட்சைக்காகச் செய்யப்பட்ட கண்டிப்பு இவ்வாறு கற்றலையே கெடுக்கின்றது.

இதற்காகப் பெற்றோரை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. நிலமும் தொழிலும் நிலையற்றிருந்த நாட்டில், போரினாலும் இடப்பெயர்வினாலும் அனைத்தையும் இழந்தோருக்கு, பறிக்கப்பட முடியாத செல்வமாகக் கல்வியே எஞ்சியிருந்தது. அவர்களது பதற்றத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அப்பதற்றத்தைப் பிள்ளையின் தோளில் இறக்கிவைக்காதிருத்தலே வேண்டப்படுவது.

5. எழுதப் படிக்க அறியாத பெற்றோர்

பெற்றோர் ஆசிரியராதல் படித்தவர்க்கே கூடுமோ என்ற ஐயம் எழலாம். மலையகத் தோட்டங்களில் தாய் விடியற்காலையிலேயே கொழுந்தெடுக்கச் சென்றுவிட, சிறு குழந்தைகள் பிள்ளை மடுவத்திலும் பெரிய பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பிலும் வளர்வர். தாய் வெளிநாட்டிற் பணிப்பெண்ணாக உழைக்கும் வீடுகளும் நாடெங்கும் உள. அங்கெல்லாம் பாடநூலை விளக்குவார் வீட்டில் இல்லாதிருக்கலாம்.

ஆனால் வூட்டும் மிடில்ரனும் கண்ட திறமை, எழுத்தறிவைச் சார்ந்ததன்று, கவனத்தைச் சார்ந்தது. கொழுந்தின் நிறையைக் கணக்கிடும் தாய், ‘காலையில் எட்டுக் கிலோ, மத்தியானம் ஏழு, எல்லாமாக எவ்வளவு?’ என்று மகளிடம் கேட்டு, அவள் விரல்விட்டு எண்ணி முடிக்கும்வரை காத்திருப்பாளாயின், அவள் ஆசிரியையே. வலை பின்னும் தந்தை முடிச்சை ஒருமுறை போட்டுக்காட்டி, அடுத்ததை மகன் கையிற் கொடுத்து, அவன் தடுமாறுமிடத்தில் மட்டும் விரலால் தொட்டுக்காட்டும்போது ஆய்வாளர் விதந்துரைத்த முறையையே கையாளுகின்றார். ‘இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்லு’ என்று கேட்கும் பாட்டிக்கு விளக்க முயலும் பிள்ளை, தான் கற்றதை இரண்டாம் முறையாகவும் ஆழமாகவும் கற்கின்றது. அறியாதவரிடம் விளக்குவதே அறிவின் உரைகல்.

ஆதலால், பெற்றோர் பாடசாலையைப் போலச் செய்யவேண்டியதில்லை. பாடசாலையால் ஆகாதவற்றையே அவர்கள் செய்தல் வேண்டும்: ஒரே பிள்ளைக்காகக் காத்திருத்தல், சேர்ந்து ஒரு வேலையைச் செய்தல், வினாவுக்கு வினாவாலே விடையளித்தல், தவற்றை அச்சமின்றிக் காட்டக்கூடிய இடமாக வீட்டை வைத்திருத்தல்.

6. பேறுகள்

இவ்விடர்களைக் கடப்போர்க்கு வாய்க்கும் பேறுகள் உடனே தோன்றுவனவல்ல. நெல் விளைந்ததைக் கண்ணாற் காணலாம். மனம் விளைந்ததைக் காணல் அரிது. எனினும் சில குறிகள் உண்டு. நேற்றுவரை ‘இது எப்படி?’ என்று கேட்ட பிள்ளை, ‘பொறுங்கோ, நானே பார்க்கிறேன்’ என்று கூறும் நாள் அவற்றுள் ஒன்று. பெற்றோருக்கு அது சிறிது வருத்தத்தையும் தரலாம். அவ்வருத்தமே பணி செவ்வனே நடைபெறுவதற்குச் சான்று.

இன்னொரு பேறு பெற்றோர் தாமே மீண்டும் கற்பது. வானம் ஏன் நீலமாக உள்ளது, கிணற்று நீர் மாரியில் ஏன் உயர்கின்றது என்று பிள்ளை கேட்கும்போது, அறிந்ததாக எண்ணியிருந்த பலவற்றைத் தாம் அறிந்திலோம் என்பது பெற்றோர்க்குப் புலனாகின்றது. அதனை மறையாது, ‘எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்’ என்று கூறும் பெற்றோர், அறியாமை வெட்கத்துக்குரியதன்று என்னும் உயர்ந்த பாடத்தைக் கற்பிக்கின்றனர். ஆசிரியராயுள்ள பெற்றோர்க்கு மேலும் ஒரு பயன் உண்டு. தம் பிள்ளை ஒரு கணக்கின் முன் அழுததைக் கண்டவர், மறுநாள் வகுப்பிற் பின்வாங்கில் மௌனமாயிருக்கும் பிள்ளையை வேறு கண்ணாற் காண்பர்.

எல்லாவற்றினும் பெரிய பேறு நம்பிக்கை. பதின்ம வயதிலே பிள்ளைக்கு உண்மையான இடர் நேரும்போது, அது யாரிடம் வரும் என்பது சிறுவயதிற் குறைந்த புள்ளியோடு வந்தபோது பெற்ற வரவேற்பைப் பெரிதும் பொறுத்தது. அன்று அச்சமின்றி வினாத்தாளை நீட்டிய கை, பின்னொரு நாள் அதனிலும் பெரிய துன்பத்தையும் நீட்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, பெற்றோர், ஆசிரியர் என்ற இரு பொறுப்புகளும் ஒருவரிடத்தே சேர்தல் தீங்கன்று. அளத்தலே அன்பின் வடிவமாக மாறிவிடுதலே தீங்கு எனலாம். பிள்ளையின் தேவைக்கேற்ப உதவியைக் கூட்டியும் குறைத்தும் வழங்கும் முறையில் இரண்டும் பொருந்துகின்றன. ஏனெனில் அங்கு அளக்கப்படுவது பிள்ளையின் தகுதியன்று, பெற்றோர் தரவேண்டிய துணையின் அளவே. பரீட்சை முறையையும் பாடசாலைகளிடையேயுள்ள ஏற்றத்தாழ்வையும் திருத்துதல் அரசினதும் சமூகத்தினதும் கடமை. அதற்குக் காலம் செல்லும். மாலையில் பிள்ளை வீடு திரும்பும்போது கேட்கப்படும் முதல் வினாவை மாற்றுதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை.